குரல் ஏன் மேலே வரவில்லை? ஐந்து பேர் இசைக்குழு ஒன்றின் ஒலிக்கருவித் தேர்வு

குழுவில் ஐந்து பேர். பாடகி, சில பாட்டுகளுக்கு அக்கூஸ்டிக் கித்தாரும் வாசிப்பார். எலெக்ட்ரிக் கித்தாருக்கு ஒருவர், பேஸுக்கு ஒருவர், கீபோர்டு வாசித்தபடியே இரண்டாம் குரல் கொடுக்க ஒருவர், டிரம்ஸுக்கு ஒருவர். நூறு பேர் அமரும் சின்ன அரங்கு முதல் இருநூற்றைம்பது பேர் கூடும் திறந்த முற்றம் வரை வாசிக்கிறார்கள். தனியாக சவுண்ட் இன்ஜினியர் கிடையாது. மிக்சரைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாட்டுக்கு நடுவே கையை நீட்டித் திருகிக்கொள்வார்கள். எல்லாச் சாமானும் ஒரே வேனில் ஏற வேண்டும். ஏற்றி இறக்குவதும் அவர்களேதான்.

கையில் ஏற்கெனவே இருந்தவை: இரண்டு 15 அங்குல பாசிவ் (உள்ளே ஆம்ப்ளிஃபையர் இல்லாத) ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்தே வரும் 8 சேனல் மிக்சர், வாசிப்பவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளத் தரையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்று, காலப்போக்கில் சேர்ந்த பலவகை மைக்குகள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் வரும் புகார் ஒன்றே ஒன்று: பாட்டு கேட்கவில்லை, டிரம்ஸும் கித்தாரும்தான் கேட்கின்றன.

இதற்கு அவர்களே ஒரு தீர்வும் எழுதி வைத்திருந்தார்கள். இரண்டு மடங்கு வாட்ஸ் உள்ள ஸ்பீக்கர் ஒரு ஜோடி, கீழே 18 அங்குல சப்வூஃபர் (பேஸ் ஒலிக்கு மட்டுமான ஸ்பீக்கர்) ஒரு ஜோடி. "அண்ணா, எந்த மாடல் வாங்கலாம்? அதை மட்டும் சொல்லிடுங்க" என்றார் பேஸ் வாசிப்பவர். வாங்குவதற்கு முன் ஒரு ஒத்திகை பார்த்துவிடுகிறேன் என்றேன்.

வாட்ஸ் கணக்கு

முதலில் அந்த வாட்ஸ் விவகாரத்தை முடித்துவிடலாம், ஏனென்றால் பெரும்பாலான பணம் வீணாவது அங்கேதான். பெட்டியில் 1000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருந்தால் அது அநேகமாக பீக் எண்ணாக, அதாவது கணநேர உச்சமாக, இருக்கும். தொடர்ந்து 250 வாட்ஸ் தாங்கும் பெட்டியை 500 புரோகிராம் என்பார்கள், அதையே 1000 பீக் என்பார்கள். மூன்றும் ஒரே பெட்டிதான். இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது ஒன்றின் பீக்கையும் இன்னொன்றின் தொடர் அளவையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால் தவறான பெட்டியைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவோம்.

சரி, உண்மையிலேயே வாட்ஸ் இரட்டித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஒலி அளவு 3 டெசிபல் கூடும். காதுக்கு அது 'கொஞ்சம் ஏறியிருக்கிறதோ' என்ற அளவுதான். சத்தம் இரண்டு மடங்கானதுபோல் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. வாட்ஸை விட ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி முக்கியம். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் அளந்தால் 93 டெசிபல் தரும் பெட்டியும் உண்டு, 99 தரும் பெட்டியும் உண்டு. இந்த 6 டெசிபல் வித்தியாசம் நான்கு மடங்கு வாட்ஸுக்குச் சமம். 99 உள்ள பெட்டி 250 வாட்ஸில் செய்வதைச் செய்ய 93 உள்ள பெட்டிக்கு 1000 வாட்ஸ் ஊட்ட வேண்டும்.

ஆம்ப்ளிஃபையரை உள்ளேயே வைத்துக்கொண்டு வரும் ஆக்டிவ் பெட்டிகளில் வாட்ஸைப் பார்க்கவே தேவையில்லை, அதிகபட்ச ஒலி அளவைப் பார்த்தால் போதும். ஒரு 12 அங்குலப் பெட்டிக்கு 128 டெசிபல் என்று போட்டிருக்கிறது என்போம். அதுவும் ஒரு மீட்டரில், பீக்கில். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்தோறும் 6 டெசிபல் குறையும்: 2 மீட்டரில் 122, 4 மீட்டரில் 116, 8 மீட்டரில் 110, 16 மீட்டரில் 104. இசையில் பீக்குக்கும் சராசரிக்கும் நடுவே 10, 12 டெசிபல் இடைவெளி இருக்கும். ஆக, 16 மீட்டர் தள்ளி நிற்பவருக்குச் சராசரியாக 92 முதல் 94 வரை கிடைக்கும், அதுவும் ஒரே பெட்டியிலிருந்து. இரண்டாவது பெட்டி குறைந்தது இன்னொரு 3 சேர்க்கும். அரங்குக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இவ்வளவு வேகமாகக் குறையவும் செய்யாது. இருநூற்றைம்பது பேருக்குப் பாட்டைக் கேட்க வைக்க இது தாராளம்.

அவர்களுடைய பழைய 15 அங்குலப் பெட்டிகளும் இதற்குக் கிட்டத்தட்ட வரக்கூடியவைதான். அப்படியானால் குரல் எங்கே போனது?

ஒத்திகை அறையில்

அவர்கள் வேகமான பாட்டு ஒன்றை வாசித்துக்கொண்டிருக்கும்போது, மிக்சரில் பாடகியின் ஒலி அளவுக்கான ஃபேடரை மேலே தள்ளச் சொன்னேன். முக்கால் தூரம் போவதற்குள் விசில் அடித்தது. அந்த நேரத்தில் ஆம்ப்ளிஃபையரின் விளக்கைப் பார்த்தேன். பச்சையிலேயே இருந்தது, மஞ்சளுக்குக்கூடப் போகவில்லை. அதாவது வாட்ஸ் மிச்சமிருக்கிறது, பயன்படுத்தத்தான் முடியவில்லை. ஸ்பீக்கரின் ஒலியையே மைக் திரும்ப வாங்கி விசிலடிப்பதுதான் ஃபீட்பேக். அது ஆரம்பிக்கும் இடத்துக்கு மேல் ஃபேடர் போகாது. இன்னும் பெரிய ஸ்பீக்கர் வாங்கியிருந்தால் அதே அளவு சத்தத்தில் அதே விசில் அடித்திருக்கும், கூடுதல் விலைக்கு.

அடுத்து மேடை அமைப்பைப் பார்த்தேன். எல்லாக் குழுக்களும் நிற்பதுபோல் பாடகி நடுவில் முன்னால், டிரம்ஸ் நேர் பின்னால், இடையே ஒன்றரை மீட்டர்தான். பார்வைக்கு அழகு. ஆனால் மைக் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பாடகியின் வாயைப் பார்க்கிறது, அவருடைய தலைக்குப் பின்னால் இருக்கும் டிரம்ஸின் சிம்பல் தட்டையும் அதே நேர்கோட்டில் பார்க்கிறது. முன்பக்கம் மட்டும் நன்றாகக் கேட்கும் கார்டியாய்ட் வகை மைக் பின்னாலிருந்து வரும் சத்தத்தை வாங்காது என்று எல்லோருக்கும் தெரியும். மைக்குக்குப் பின்புறம் என்பது பார்வையாளர்கள் இருக்கும் பக்கம். டிரம்ஸ் அதற்கு முன்புறம்.

டிரம்ஸை மட்டும் வாசிக்கச் சொல்லி, மைக் இருந்த இடத்தில் டெசிபல் மீட்டரை நீட்டினேன். 100ஐத் தாண்டியது. (செல்போன் செயலிகள் இவ்வளவு உயரத்தில் பெரும்பாலும் பொய் சொல்லும். முன்னுக்குப் பின் ஒப்பிட மட்டும் அவை போதும்.) அதே மைக்கில் பாடகி தாழ்ந்த வரிகளை ஒரு சாண் தள்ளி வைத்துப் பாடிக்கொண்டிருந்தார். ஃபேடரை ஏற்றினால் குரலோடு சிம்பலும் சேர்ந்து ஏறும். பார்வையாளர்கள் 'டிரம்ஸ்தான் கேட்கிறது' என்று சொன்னதில் பாதி, டிரம்ஸிலிருந்து நேராக வந்த சத்தமே இல்லை, பாடகியின் மைக் வழியாக ஸ்பீக்கருக்குப் போன டிரம்ஸ்.

மைக்கை 20 சென்டிமீட்டரிலிருந்து 5 சென்டிமீட்டருக்குக் கொண்டுவரச் சொன்னேன். தூரம் இரண்டு முறை பாதியாகிறது, ஏறக்குறைய 12 டெசிபல் லாபம். ஆம்ப்ளிஃபையரில் இதே 12 டெசிபலை வாங்க வேண்டுமானால் பதினாறு மடங்கு வாட்ஸ் வேண்டும். அப்படியொரு பெட்டி இந்த வேனில் ஏறாது. கிட்டே வைத்தால் குரலில் பேஸ் உப்பும், அதுவும் உண்மைதான். அதற்குத்தான் மிக்சரில் லோ கட் இருக்கிறது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் குரலின் அழகு குறையாது, மேடைப் பலகையின் தடதடப்பும் மூச்சுக் காற்றும் போய்விடும்.

உச்ச ஸ்தாயி வரும்போதெல்லாம் பாடகி மைக்கின் கம்பிவலைக் கூண்டை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பதையும் கவனித்தேன். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் கார்டியாய்ட் மைக்கின் கூண்டுக்குள் பின்பக்கமாகக் காற்று நுழையும் வழிகள் உண்டு, திசை பார்த்துக் கேட்கும் திறனே அவற்றால்தான் வருகிறது. அவற்றை மூடினால் நாலு பக்கமும் கேட்கும் மைக்காக மாறிவிடும். சரியாக உச்சத்தில் விசில் அடித்ததற்குக் காரணம் இதுதான்.

டிரம்ஸை இடது ஓரத்துக்குத் தள்ளினோம். பாடகியை வலப்பக்கம் கொஞ்சம் நகர்த்தி, தூரத்தை 3 மீட்டராக்கினோம். தூரம் இரட்டித்ததில் திறந்தவெளியென்றால் 6 டெசிபல் கிடைக்கும், அறைக்குள் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். ஆனால் கோணம் மாறியதில் இன்னொரு லாபம். பக்கவாட்டில் 90 டிகிரியிலிருந்து வரும் ஒலியை கார்டியாய்ட் 6 டெசிபல் குறைத்து வாங்கும், அதைவிடக் குறுகலாகக் கேட்கும் சூப்பர்கார்டியாய்ட் கிட்டத்தட்ட 9 குறைத்து வாங்கும். எல்லா மேடையிலும் முழு 90 கிடைக்காது, கிடைத்தவரை லாபம். டிரம்மர் முதலில் முகம் சுளித்தார். "நான் ஓரத்துல உட்காரணுமா?" என்றார். நடுவில் உட்கார வேண்டும் என்பது புகைப்படத்துக்கான நியாயம், ஒலிக்கு அல்ல.

கித்தார் ஆம்ப் அடுத்தது. தரையில் வைத்த காம்போ ஆம்ப்பின் ஒலி வாசிப்பவரின் முழங்காலைத் தாண்டி நேராக முதல் வரிசைக்குப் போகிறது. ஹை (உயர் அலைவரிசை ஒலி) எல்லாம் அவர் காதுக்கு எட்டுவதே இல்லை. அதனால் ட்ரெபிளையும் வால்யூமையும் ஏற்றிக்கொண்டே போகிறார், முதல் வரிசையில் இருப்பவர் காதைப் பொத்திக்கொள்கிறார். ஆம்ப்பைச் சாய்த்து வைத்து முகத்தைப் பார்க்கும்படி திருப்பினோம். நான் எதுவும் சொல்லவில்லை, இரண்டாவது பாட்டிலேயே அவர் தானாக வால்யூமைக் குறைத்தார்.

அப்புறம், எட்டு மைக்குகளும் எப்போதும் திறந்தே இருந்தன. அதில் நான்கு டிரம்ஸுக்கு. திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிக்கும்தோறும் ஃபீட்பேக்குக்கு முன் கிடைக்கும் இடம் 3 டெசிபல் சுருங்கும். நூறு பேர் அரங்கில் டிரம்ஸுக்குக் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) மைக் ஒன்று போதும், ஸ்நேரும் சிம்பலும் தாமாகவே கேட்கும். மற்றவற்றை மூடினோம்.

ஒரு பைசா செலவில்லாமல் குரல் ஃபேடர் விசில் இல்லாமல் மேலே வரை போனது. கீபோர்டுக்காரர் கேட்டார்: "அப்போ எதுவுமே வாங்க வேணாமா?"

வாங்க வேண்டும். ஆனால் அவர்கள் எழுதிவைத்த பட்டியலைத் தலைகீழாகப் பிடித்து, வாயிலும் காதிலும் ஆரம்பித்து, ஸ்பீக்கருக்குக் கடைசியில் வர வேண்டும்.

மைக்கும் மானிட்டரும்

குரலுக்கு மைக் தேர்ந்தெடுக்கும்போது மானிட்டர் எங்கே வரும் என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம், இரண்டையும் பிரிக்க முடியாது. 1966ல் வந்த ஷூர் எஸ்எம்58 கார்டியாய்ட். அதற்கு நேர் பின்னால், 180 டிகிரியில், காது கிடையாது. ஆகவே மானிட்டரைப் பாடகியின் நேர் முன்னால், மைக்கின் வால் பார்க்கும் இடத்தில் வைக்கலாம். சென்ஹைசர் ஈ935ம் இதே வகை. ஷூர் பீட்டா 58ஏ, சென்ஹைசர் ஈ945 இரண்டும் சூப்பர்கார்டியாய்ட். பக்கவாட்டுச் சத்தத்தை இன்னும் நன்றாக ஒதுக்கும், ஆனால் நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும். அவற்றின் செவிட்டுக் கோணம் 125 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது, மானிட்டரை முன்னால் வலப்புறமோ இடப்புறமோ தள்ளி வைக்க வேண்டும். விலை கூடிய சூப்பர்கார்டியாய்ட் மைக்கை வாங்கி, மானிட்டரைப் பழையபடி நேர் எதிரே வைத்துவிட்டு, 'பழைய மைக்கே பரவாயில்லை' என்று சொல்பவர்கள் உண்டு.

எங்கள் மேடையில் டிரம்ஸ் பக்கவாட்டுக்கு வந்துவிட்டதால் பாடகிக்கு சூப்பர்கார்டியாய்ட் பொருந்தியது. மூன்று மாடல்களை அவரே அவருடைய ஒத்திகை அறையில், முழுக் குழுவும் வாசிக்கும்போது பாடிப் பார்த்தார். கடையின் அமைதியில் 'ஹலோ, செக்' சொல்லி மைக் வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அங்கே மினுமினுப்பாகக் கேட்கும் மைக், மேடையில் சிம்பலையும் அதே மினுமினுப்போடு வாங்கும்.

மானிட்டரில்தான் பெரிய மாற்றம். டிரம்மர், கீபோர்டுக்காரர் இருவரும் ஓரிடத்தில் உட்கார்ந்தே வாசிப்பவர்கள். இவர்களுக்கு வயர்லெஸ் எதற்கு? இடுப்பில் மாட்டும் சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப், நீளமான கேபிள், நன்றாக அடைக்கும் இயர்ஃபோன், முடிந்தது. பாட்டரி தீருமா, அலைவரிசை மோதுமா, அந்த நாட்டில் எந்த அலைவரிசைக்கு அனுமதி என்ற தலைவலி எதுவும் இல்லை. இவர்கள் இருவரும் இப்படிக் காதுக்குள் போடும் இன்-இயர் மானிட்டருக்கு மாறியதும் மேடையில் இரண்டு மானிட்டர் வைக்கும் தேவையே போய்விட்டது. மேடைச் சத்தம் குறைந்தால் எல்லா மைக்கும் சுத்தமாகும்.

இன்-இயரில் ஒரு எச்சரிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். வேலையிடத்துச் சத்தத்துக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94ல் ஒரு மணி நேரம், 100ல் 15 நிமிடம். ஒத்திகை அறையில் நாங்கள் அளந்த அளவில் இவர்கள் மணிக்கணக்கில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். காதை நன்றாக அடைக்கும் நுரை முனை வெளிச் சத்தத்தை 20 டெசிபலுக்கு மேல் தடுக்கும், அதனால் உள்ளே மெதுவாக வைத்தே கேட்க முடியும். ஆனால் ஒரு காதைக் கழற்றிவிட்டால் திறந்த காதுக்குள் டிரம்ஸ் வரும், அதற்கு ஈடுகட்ட மூடிய காதில் வால்யூமை ஏற்றுவோம். இரண்டு காதுக்கும் கேடு. போட்டால் இரண்டு காதிலும் போட வேண்டும், ஒலி வரம்பு தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரும் வைக்க வேண்டும்.

மிக்சரில் எண்ண வேண்டியது ஆக்ஸ்

எல்லோரும் சேனலைத்தான் எண்ணுகிறார்கள். நாங்களும் எண்ணினோம்: குரல் 2, அக்கூஸ்டிக் கித்தார் 1, எலெக்ட்ரிக் கித்தார் 1, பேஸ் 1, கீபோர்டு 2, கிக் 1, பெரிய இடங்களுக்கு ஸ்நேரும் மேலே ஒரு மைக்கும், பின்னணி டிராக் 2, விருந்தினர் மைக் 1. மொத்தம் 13. பதினாறு இருந்தால் போதும்.

ஆனால் நிகழ்ச்சியன்று கழுத்தைப் பிடிப்பது ஆக்ஸ் எண்ணிக்கைதான். ஆக்ஸ் என்பது மானிட்டர் போன்றவற்றுக்குத் தனிக் கலவை அனுப்பும் வெளியீடு. ஐந்து பேருக்கும் ஐந்து விதமான மானிட்டர் கலவை வேண்டுமென்றால் ஐந்து ஆக்ஸ். சப்வூஃபரைத் தனி ஆக்ஸில் ஓட்டினால் ஆறு. பார்க்க ஒரே குடும்பமாக இருக்கும் மிக்சர்களில்கூட இது வெகுவாக மாறும். பெரிங்கர் எக்ஸ்ஆர்12ல் 2 ஆக்ஸ், எக்ஸ்ஆர்18ல் 6. இவை பொத்தான்களும் ஃபேடர்களும் இல்லாத, டேப்லெட்டால் இயக்கும் டிஜிட்டல் மிக்சர்கள். மேடையிலேயே பெட்டி இருப்பதால் பார்வையாளர்கள் பக்கம் வரை கனமான கேபிள் கத்தையை இழுக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு சேனலுக்கும் ஒலியின் ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும் கம்ப்ரஸரும் அலைவரிசைவாரியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவும் உள்ளேயே வந்துவிடும். இன்ஜினியர் இல்லாத குழுவுக்கு இந்த வகைதான் சரி என்று நினைக்கிறேன். அவரவர் மானிட்டரை அவரவர் போனிலேயே சரிசெய்துகொள்ளலாம், பாட்டுக்கு நடுவே கீபோர்டுக்காரரை யாரும் முறைக்க வேண்டாம். ஆறு ஆக்ஸ் உள்ள ஒன்றை எடுத்தார்கள்.

இந்த வகையில் எந்த நிறுவனத்தின் பெட்டியாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சின்ன வைஃபையை மட்டும் நம்பக் கூடாது. இருநூறு பேர் வந்தால் இருநூறு செல்போன்கள் வருகின்றன, 2.4 கிகாஹெர்ட்ஸில் சந்தைக்கடை இரைச்சல். 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் தனி ரவுட்டர் ஒன்றை, ஆள் உயரத்துக்கு மேல் கட்டி வைக்க வேண்டும். பையில் ஒரு நெட்வொர்க் கேபிளும் லேப்டாப்பும் இருப்பது அதைவிட நல்லது.

எனக்குப் பிடித்த இன்னொரு வசதி, யூஎஸ்பி வழியாக எல்லாச் சேனலையும் தனித்தனியாகப் பதிவு செய்வது. ஒரு பாட்டைச் சவுண்ட் செக்கில் பதிவு செய்துவிட்டு, அதையே மிக்சரில் திரும்ப ஓடவிட்டு, ஐந்து பேரும் இறங்கிப் பார்வையாளர் இடத்தில் நின்று கேட்டு ஃபேடரைச் சரிசெய்யலாம். தாங்கள் எப்படி ஒலிக்கிறோம் என்று கித்தாரிஸ்டே முதன்முறையாகக் கேட்டார். தன் கித்தாரைக் குறைக்கச் சொன்னவரும் அவர்தான்.

ஸ்பீக்கர்

பழைய பெட்டிகளே சமாளிக்கும் என்று சொன்னேன். மாற்றியதற்குக் காரணம் சத்தம் அல்ல, முதுகு. பழைய மரப்பெட்டிகளைத் தலைக்கு மேல் ஸ்டாண்டில் ஏற்ற இருவர் போதாது. அதனால் மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் வைத்த ஸ்பீக்கரின் ஹார்ன் (ஹையை வெளிவிடும் வாய்) முதல் வரிசையின் முகத்துக்கு நேரே இருக்கும். முன்னால் இருப்பவர்கள் உடம்பே ஹையை விழுங்கிவிடும், கடைசி வரிசைக்கு வார்த்தை புரியாது. ஒருவரே தூக்கக்கூடிய 12 அங்குல ஆக்டிவ் பெட்டி, 35 மில்லிமீட்டர் குழாய் ஸ்டாண்டில் ஏறி, ஹார்ன் தலைகளுக்கு மேலே நிற்கும்போது, அதே சத்தத்தில் பாட்டின் சொற்கள் தெளிவாகின்றன.

தூண் போல ஒல்லியாக நிற்கும் ஸ்பீக்கர்களையும் பரிசீலித்தோம். தூக்க எளிது, அகலமாகப் பரப்பும், மேலே கீழே சிந்தாது. குழுவுக்குப் பின்னால் வைத்தால் அதுவே மானிட்டராகவும் ஆகிவிடும் என்று விற்பார்கள். ஒரு கித்தார், ஒரு குரல் என்றால் அருமையான ஏற்பாடு. டிரம்ஸோடு சேர்ந்து ஒலிக்க வேண்டுமென்றால் அந்தப் பின்னால் வைக்கும் யோசனை எடுபடாது, மைக் நேராக ஸ்பீக்கரையே பார்க்கும். இவர்களுக்கு வேண்டாம் என்றேன்.

ஆக்டிவ் என்பதாலும் சில தொல்லைகள் உண்டு. ஒவ்வொரு பெட்டிக்கும் சிக்னலும் மின்சாரமும் இரண்டு கேபிளாகப் போக வேண்டும். உள்ளே ஆம்ப்ளிஃபையர் போனால் பெட்டியே போனது. ஆனால் ஹையையும் பேஸையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர், லிமிட்டர் எல்லாம் அந்த ஸ்பீக்கருக்கென்றே அமைத்து வருவதால் தெரியாமல் எரித்துவிடும் வாய்ப்பு குறைவு. வாங்குவதற்கு முன் அதே மாடலை ஒரு நிகழ்ச்சிக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். வாடகை போனதே என்று யாரும் வருத்தப்படவில்லை. முதலில் நினைத்த மாடலின் மின்விசிறிச் சத்தம் மென்மையான பாட்டில் கேட்டது, அதைத் தவிர்க்க முடிந்தது.

சப்பில்தான் சண்டை. பேஸ் வாசிப்பவருக்கு இரண்டு வேண்டும். நூறு பேர் அரங்கில் பேஸ் ஆம்ப்பே போதும், சப் வேண்டாம் என்பது என் கருத்து. கடைசியில் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டோம். ஒன்று என்பது சிக்கனத்துக்காக மட்டும் அல்ல. மேடையின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு சப் வைத்தால் நடுக்கோட்டில் பேஸ் குமுறும், கொஞ்சம் தள்ளி நின்றால் காணாமல் போகும். 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 4.3 மீட்டர். ஒரு சப்பிலிருந்து இன்னொன்றைவிட 2.15 மீட்டர் அதிகத் தூரத்தில் நிற்பவருக்கு அந்த ஸ்வரத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இரண்டு வாங்கினாலும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைக்க வேண்டும். தனி ஆக்ஸில் கிக், பேஸ், கீபோர்டு மூன்றை மட்டும் சப்புக்கு அனுப்புகிறார்கள். குரல் மைக் எதுவும் அங்கே போவதில்லை. மேடை குமுறல் பாதி அதிலேயே போயிற்று.

சின்னச் சாமான்

அக்கூஸ்டிக் கித்தாரின் ஒலி 'டப்பா மாதிரி' இருக்கிறது என்று வெகுநாளாகக் குறை. கித்தாரில் குறை இல்லை. பாட்டரி இல்லாத பீசோ பிக்கப்புக்கு (கித்தாரின் அதிர்வைச் சிக்னலாக்கும் உணரி) ஒரு மெகாஓமுக்குக் குறையாத உள்ளீட்டு மின்தடை வேண்டும். மிக்சரின் லைன் உள்ளீடு சில பத்து கிலோஓம்தான், அதில் செருகினால் கீழ் ஸ்வரங்கள் கரைந்துவிடும். உள்ளீட்டு மின்தடை உயர்ந்த ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (கித்தாரை மிக்சருக்கு ஏற்றபடி இணைக்கும் பெட்டி) ஒன்று போட்டதும் கித்தார் தன் மரத்தின் ஒலியோடு வந்தது. இந்த முழுத் தேர்விலும் விலைக்கு மிஞ்சிய பலன் தந்தது அந்தச் சின்னப் பெட்டிதான் என்பேன்.

கீபோர்டின் இரண்டு வெளியீட்டையும் எடுத்து மோனோவாகக் கலந்தால் சில பியானோ ஒலிகள் மெலிந்துவிடும். மோனோ என்று எழுதியிருக்கும் இடது ஜாக்கை மட்டும் எடுப்பது பல இடங்களில் மேல்.

மின்சாரம்: ஒலிக்கருவி எல்லாம் ஒரே இணைப்பிலிருந்து, விளக்குகள் வேறு இணைப்பிலிருந்து. ஹம் (மின் இரைச்சல்) வந்தால் டிஐயில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டலாம். எர்த் பின்னை வெட்டும் பழக்கம் உயிரோடு விளையாடுவது, அது எங்கள் மேடையில் கிடையாது. 1000 வாட்ஸ் என்று எழுதிய பெட்டி அவ்வளவு மின்சாரம் எப்போதும் இழுக்காது என்பதையும் அரங்க நிர்வாகிகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. இசை ஓடும்போது சராசரி இழுப்பு அதில் ஒரு சிறு பங்குதான். எவ்வளவு என்பது கையேட்டில் எட்டில் ஒரு பங்கு திறனுக்கான கணக்காகப் போட்டிருக்கும்.

கேபிள் விஷயத்தில் சுருக்கமாக: எக்ஸ்எல்ஆரில் (மைக்குக்குப் போடும் மூன்று பின் கேபிள்) நல்லது, கூடுதலாக மூன்று நான்கு, இரண்டு முனையிலும் நிற டேப்.

நிகழ்ச்சிகளில்

புதிய ஏற்பாட்டில் முதல் சில அரங்க நிகழ்ச்சிகள் சிக்கல் இல்லாமல் போயின. சவுண்ட் செக்கில் மானிட்டரை மெல்ல ஏற்றி, விசில் ஆரம்பிக்கும் அலைவரிசையைக் கண்டுபிடித்து, 31 பட்டை ஈக்யூவில் அதை மட்டும் கொஞ்சம் இறக்குவதைப் பழகிக்கொண்டார்கள். இரண்டு மூன்று இடத்தோடு நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். பத்து இடத்தில் வெட்டினால் மிச்சமிருப்பது குரலே இல்லை, திரும்பவும் வால்யூமைத்தான் ஏற்றுவார்கள்.

திறந்த முற்றத்தில் ஒரு இரவு வேறு பாடம். சுவர் இல்லாததால் டிரம்ஸ் திடீரென்று சிறுத்துவிட்டது. உள்ளே தேவைப்படாத ஸ்நேர் மைக்கும் மேல் மைக்கும் அங்கே அவசியமாயின. அதற்கான சேனல்களை முன்பே ஒதுக்கி வைத்திருந்ததால் இரண்டு நிமிட வேலையாக முடிந்தது. சப்பும் அன்றுதான் தன் இடத்தை நியாயப்படுத்தியது, பேஸ் வாசிப்பவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒன்று போதவில்லை என்பது அவர் வாதம். ஐந்நூறு பேருக்கு மேல் கூடும் திறந்தவெளி வந்தால் இரண்டாவது சப்பையும் பெரிய ஸ்பீக்கரையும் ஆளோடு சேர்த்து வாடகைக்கு எடுப்பது, மிக்சரும் மைக்கும் இன்-இயரும் தங்களுடையதாகவே இருப்பது என்று பேசி வைத்திருக்கிறார்கள். வாடகைக்காரரின் ஸ்பீக்கருக்கு இவர்கள் மிக்சரிலிருந்து இரண்டு எக்ஸ்எல்ஆர் கொடுத்தால் போதும்.

பாடகி மட்டும் இன்னும் இன்-இயருக்கு வரவில்லை. கூட்டத்தின் குரல் கேட்காமல் பாட முடியவில்லை என்கிறார், அது நியாயமான காரணம். பார்வையாளர்களை நோக்கி ஒரு மைக் வைத்து, அதை அவருடைய ஆக்ஸுக்கு மட்டும் அனுப்பிப் பார்க்கலாம். பதினாறு சேனலில் அதற்கு ஒன்று காலியாக இருக்கிறது.